ஆரம்ப சூரத்தனமும் வீட்டு உடற்பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே செய்யக்கூடிய தீவிர உடற்பயிற்சித் திட்டங்கள் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஜிம்முக்குக் கட்டணம் கட்ட இயலாதவர்களும், வெளியே போய்வர நேரம் வாய்க்காத பெண்களும் அறைக்குள்ளேயே உடம்பைப் பேணிக்கொள்ளலாம் என்று அது சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், பாதியில் விட்டுவிடுகிறவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று ஒரே வரியில் அது தீர்ப்பு எழுதிவிட்டது. ஆரம்ப சூரத்தனம் நம் ஊருக்குப் புதிதல்லதான். என்றாலும், அந்தச் சூரர்கள் ஏன் சோர்ந்துபோனார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? தினமும் உச்ச வேகத்தைக் கேட்கும் திட்டத்தை வேலையும் குடும்பமும் உள்ள ஒருவரால் நெடுநாள் தொடர முடிவதில்லை. நேரத்தையும் இடத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, அளவை மட்டும் கூட்டியும் குறைத்தும் செய்கிறவர்களே தொடர்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தங்கள் அனுமதியைக் கோருகிறேன்.

இத்தகைய திட்டங்களில் பெயர்பெற்றவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. டோனி ஹார்ட்டன் என்னும் பயிற்சியாளரின் ‘பி90எக்ஸ்’ 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. அது 90 நாள் திட்டம். ஷான் டி என்பவரின் ‘இன்சானிட்டி’ 2009-இல் வந்தது. அதற்கு 60 நாள். முன்னதற்கு டம்பெல்லும் தொங்கி ஏற ஒரு கம்பியும் வேண்டும். பின்னதற்கு நம் உடம்பின் எடையே போதும். இரண்டிலும் வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி உண்டு. சிறிது நேரம் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் செய்யும் வழக்கமான முறையை இன்சானிட்டி தலைகீழாக்கி, நீண்ட நேரம் உச்ச வேகம், இடையில் மூச்சு வாங்க அரை நிமிடம் என்று ஆக்கியது. இன்று கைபேசியைத் திறந்தால் தமிழில் காணக் கிடைக்கும் முப்பது நாள், அறுபது நாள் சவால்களில் பல இவற்றின் சாயலில் அமைந்தவையே. நகல் எடுத்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். பி90எக்ஸில் மூன்று வாரம் கடுமையாக உழைத்தபின் நான்காவது வாரம் பயிற்சி தணிந்துவிடும். இன்சானிட்டியிலும் முதல் மாதம் முடிந்ததும் ஒரு வாரம் உடல் தேறுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயரிலேயே பைத்தியத்தை வைத்துக்கொண்ட திட்டம்கூட ஓய்வை மறக்கவில்லை. நம்மவர்களோ அந்த வாரத்தைக் கோழைகளுக்கு உரியது என்று தாண்டிப் போகிறார்கள்.

நான்கு நிமிடத்தில் உடம்பு கட்டுக்கோப்பாகிவிடும் என்று பரவலாகப் பேசப்படும் டபாட்டா பயிற்சியின் கதையும் இதுதான். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 20 நொடி உச்ச வேகம், 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று, உடல் தளர்ந்துபோகும்வரை செய்ய வைத்தார்கள். செய்தவர்கள் உடற்கல்வி பயின்ற இளைஞர்கள். ஏற்கெனவே விளையாட்டில் பழகியவர்கள். செய்தது நிலையாக நிறுத்தப்பட்ட மிதிவண்டியில். குதித்து விழும் வேலையே அதில் கிடையாது. அவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேர நிதானமான மிதிப்பும் அதன்பின் சில சுற்றுகளும் மட்டுமே கொடுக்கப்பட்டன. இந்த விவரங்கள் எல்லாம் உதிர்ந்து ‘நான்கு நிமிடம்’ என்பது மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பர்ப்பி என்று எல்லோரும் அஞ்சும் அந்தக் குந்தி, நீண்டு, எழும்பும் பயிற்சிகூட, 1930-களில் நியூயார்க்கில் ராயல் பர்ப்பி என்னும் உடலியல் அறிஞர், சில முறை மட்டும் செய்யச் சொல்லி நாடித்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக வகுத்த சோதனைதான். அதை ஒரே மூச்சில் நூறு செய்யச் சொல்வது பிற்காலத்தவர் கைவண்ணம்.

தொடங்கியவர்களில் பலர் மூன்றாம் நாளில் நின்றுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நம்பவில்லை. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு வரும் தசை வலி அன்றே வருவதில்லை; மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடையும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் இது வருகிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த அமிலமோ பயிற்சி முடிந்து ஒரு மணி நேர அளவிலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது அதன் நுண்ணிய இழைகளில் ஏற்படும் சிதைவும், அதைச் சரிசெய்ய உடல் மேற்கொள்ளும் வேலையுமே அந்த வலிக்குக் காரணம். குந்தி எழும் பயிற்சியை முதன்முதலாகச் செய்தவர் மறுநாள் மாடிப்படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் சுவரைப் பிடிக்கிறார் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். அதே பயிற்சியை ஓரிரு வாரத்துக்குள் மீண்டும் செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும் நன்கு நிறுவப்பட்ட உண்மை. இந்த ஒரு செய்தியை முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் மூன்றாம் நாளைத் தாண்டியிருப்பார்கள். இவ்வலி பொறுத்துக்கொள்ளக்கூடியது; ஆனால் மூட்டில் குத்துகிற வலியும், வீக்கமும், சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போவதும் வேறு வகை. அதிலும் கடைசியாகச் சொன்னது, அளவு மீறிய பயிற்சியால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம் என்பதன் அறிகுறி. காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழக்கம் படிவது பற்றியும் தவறான கணக்கு ஒன்று உலவுகிறது. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று தங்கள் கட்டுரையும் குறிப்பிட்டிருந்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகத்தைத் திருத்திக்கொண்ட நோயாளிகள் தம் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரமாவது பிடிக்கிறது என்று 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. மூக்கு நிமிர்ந்ததற்கும் தண்டால் எடுப்பதற்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. பிலிப்பா லாலி என்பவரும் சக ஆய்வாளர்களும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்து நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடுவளவு 66 நாள் என்றும் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. எனக்கு அதில் பிடித்த முடிவு வேறு: இடையில் ஒரு நாள் தவறிப்போனால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஒரு நாள் விட்டதும் ‘எல்லாம் போயிற்று’ என்று பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அறுபது நாள் சவால் முடியும்போது பலருக்குப் பழக்கம் அப்போதுதான் முளைவிட்டிருக்கும். திட்டமோ அன்றோடு வாழ்த்துச் சொல்லி விடைபெற்றுக்கொள்கிறது.

எவ்வளவு செய்தால் போதும் என்பதில் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் தீவிர உழைப்போ செய்ய வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுமாறி விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி மூன்று நாள் சேரும். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. ஒருவர் நாளொன்றுக்கு 40 நிமிடம் வீதம் ஆறு நாள் தீவிரப் பயிற்சி செய்தால் 240 நிமிடம் ஆகிறது. அதில் பாதியைக் கைவிட்டாலும் 120 நிமிடம் மிஞ்சுகிறது. அது தேவைக்கு மேல்தான். ஆகவே, பாதிப் பயிற்சி செய்த நாளைத் தோற்ற நாளாக எண்ண எந்த நியாயமும் இல்லை. மிதமா, தீவிரமா என்று அறியக் கருவியும் வேண்டாம்: பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதம், நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரம்.

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கிறது. கான்கிரீட் தளம் போட்ட வீட்டின் மேல் அறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு ஒன்பது மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். குளிரூட்டிய கூடத்தில் படமெடுத்த பயிற்சியை அந்த அறையில் மாலை ஆறு மணிக்கு அதே வேகத்தில் செய்தால் தலை சுற்றத்தான் செய்யும். கோடையில் விடியலுக்கு முன் செய்வதும், முதல் ஓரிரு வாரம் உடம்பு வெப்பத்துக்குப் பழகும்வரை வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் அறிவுடைமை. குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பகுதிகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. நான் குடியிருப்பது ஒரு வீட்டின் மாடிப் பகுதியில். இன்சானிட்டி பாணியில் நான் குதிக்கத் தொடங்கிய புதிதில், கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, “ஏம்மா, விடிஞ்சும் விடியாம உரல் இடிக்கிறியா? எங்க கூரையில இருந்து சுண்ணாம்பு உதிருது” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முதல் குதியாட்டத்தை நிறுத்திவிட்டு, மாடிப்படியின் கடைசிப் படியில் ஏறி இறங்குவதையும், நின்ற இடத்திலேயே முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நடப்பதையும் வைத்துக்கொண்டேன். மூச்சு வாங்குவதில் குறைவில்லை, முழங்காலுக்கும் நிம்மதி, கீழ்வீட்டாருக்கும் தூக்கம்.

என் வேலை ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுவது; நாள் முழுவதும் நாற்காலிதான். அறையின் பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையே ஓர் ஆள் படுக்குமளவு இடம் இருக்கிறது. பயிற்சிப் பாய் அங்கேயே விரித்தபடி கிடக்கும். சுருட்டி வைத்தால் மறுநாள் விரிப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முந்திய பொழுது பயிற்சிக்கு உரியது. அந்த நேரத்தை எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் என்ன செய்வது என்பது அன்றன்றைய உடம்பைப் பொறுத்தது. தெம்பிருந்தால் காணொளியில் வரும் முழுப் பயிற்சி. தூக்கம் கெட்டிருந்தால் அதில் பாதி. காய்ச்சலுக்கு முந்திய அசதியோ, மாதவிடாய் வலியோ இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது கொஞ்சம், சுவரில் கையூன்றித் தண்டால் கொஞ்சம், முதுகையும் தொடையையும் நீட்டிக்கொள்வது என்று பெயருக்குச் செய்துவிட்டு எழுந்துவிடுகிறேன். டம்பெல்லுக்குப் பதில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். பிடி இருப்பதால் தூக்க வசதி, எடையையும் வேண்டுமளவு குறைக்கலாம். குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வரும் நாள் எனக்கு விடுமுறை. குடம் குடமாக மாடிக்குத் தூக்கியவளுக்கு அதன்மேல் ஒரு பயிற்சி எதற்கு? இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். படியேறிச் சுமை தூக்குவதைத்தான் பயிற்சிக் கூடங்களில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள் என்பது என் பதில்.

வேலைக்கு ஏற்பவும் பயிற்சி மாற வேண்டும். நம் ஊர்க் கொலுசுப் பட்டறைகளில் சம்மணமிட்டுக் குனிந்தபடி மணிக்கணக்கில் பற்றவைக்கும் தொழிலாளியின் இடுப்பும் தொடையும் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். அவரை முதல் நாளே பர்ப்பி செய்யச் சொல்வது முதுகுப் பிடிப்புக்கு வழி. இடுப்பைத் தளர்த்தும் அசைவுகளும், நிமிர்ந்து தோளைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியும், விறுவிறுப்பான நடையும் சில வாரம் போன பிறகே அவருக்கு வேகம் தேவை. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் சரிவேறிக் கூடை சுமக்கும் பெண்களுக்கு மூச்சு வாங்கும் பயிற்சி குறையவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும்தான். எல்லோருக்கும் ஒரே அறுபது நாள் அட்டவணையை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்காடு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு விடியலில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியோ மிதிவண்டியிலோ ஏறும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல காரியம். வாரத்தில் ஓரிரு நாளில் மொத்த உழைப்பையும் முடித்துக்கொள்பவர்களுக்கும் பயன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் சொல்வதால் அவர்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஆறு நாள் அசையாதிருந்துவிட்டு ஏழாம் நாள் மலையேறி, இறக்கத்தையும் ஓடியே கடந்தால் முன்தொடை என்ன பாடுபடும் என்பதைத்தான் மேலே சொன்னேன். இறக்கத்தில் தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது. ஆகவே ஏறுவதை ஓட்டமாகவும் இறங்குவதை நடையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அயராமல் உடற்பயிற்சி செய்பவர்களைப் பற்றியே எழுதுகிறோம், செய்யாதவர்கள்தான் பெரும்பான்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் துணை நின்ற ‘இந்தியாப்’ என்னும் நீரிழிவு ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நடந்தது. 2014-இல் வெளியான அதன் முடிவுப்படி, 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள்; ஓய்வு நேரத்தில் விரும்பி உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாடு அரசு 2023-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்ததும் இந்நிலையை மாற்றத்தான். உடற்பயிற்சி செய்யும் இந்தச் சிறு கூட்டத்திலிருந்து மூன்றாம் நாளில் ஒருவர் கழன்றுகொள்வது நமக்கு இழப்பு என்பதால்தான் அவரைக் கடிந்துகொள்ளும் எழுத்து எனக்கு வருத்தம் தருகிறது.

ஆசிரியர் அவர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. ‘முன்னும் பின்னும்’ என்று இரண்டு படங்களை அருகருகே அச்சிடுவதைக் கைவிடலாம். முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. அது கண்ணாடியில் தெரியாது. அதனால் படத்தைப் பார்த்துத் தொடங்கியவர், வயிறு அப்படியே இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் வென்றார். எட்டு ஆண்டுகள் ஒரே களத்தில் நின்ற அவரிடம் அறுபது நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்து, எந்தப் பயிற்சியைப் போட்டாலும் அதன் அருகிலேயே எளிய வடிவத்தையும் போடுங்கள்: தண்டாலுக்குச் சுவர்த் தண்டால், குதிப்புக்குப் படியேற்றம், குந்தி எழும் பஸ்கிக்கு நாற்காலி. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும், நெடுநாள் அசைவின்றி இருந்தவர்களும் தீவிரப் பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலினும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதோ பிறகோ சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும். இதைக் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் போடாமல் உள்ளேயே பெரிதாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. பயிற்சி தொடங்கியவர்களின் பேட்டி நமக்கு நிறையக் கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்து அவர்களையே தேடிப்போய், தொடர்பவர் எதை மாற்றிக்கொண்டார், விட்டவர் எந்த நாளில், எதனால் விட்டார் என்று கேட்டு ஒரு தொடராக வெளியிடுங்கள். தறிக்கூடம், கொலுசுப் பட்டறை, சேகோ ஆலை, வங்கி, வீட்டுச் சமையலறை என ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒருவரை எடுத்துக்கொண்டால் போதும். சேலத்தில் கேட்பதாக இருந்தால், என்னைப் போல் பதில் சொல்ல விரும்புபவர்களைத் திரட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.